ஸ்பானிஷ் படிக்கிறேன்: 'இரு' என்பதற்கு எதற்காக இரண்டு வினைகள்?

பணகுடிக் காற்று எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். பணகுடிக்கு வெளியே காற்றாலைப் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். வயது 34. கோபுரத்துக்குள் இருக்கும் மின்பெட்டியின் கதவில் 'பெலிக்ரோ' என்று ஒரு மஞ்சள் ஒட்டி உண்டு. ஸ்பெயினில் செய்த இயந்திரம். ஆறு வருடமாகத் தினமும் பார்த்த சொல்லைப் போன தை மாதம்தான் முதன்முதலாக வாய்விட்டு வாசித்தேன். 'அபாயம்' என்று பொருளாம். அதன் ஓசை அன்று முழுக்க நாக்கிலேயே நின்றது. இரவே கைப்பேசியில் பாடம் தொடங்கிவிட்டேன்.

ஐந்து மாதம் ஆகிறது. ஏணியில் ஏறும்போது படிகளை உனோ, தோஸ், த்ரெஸ் என்று எண்ணுகிறேன். முன்பெல்லாம் பாதிக் கோபுரத்திலேயே தொடை கடுக்கும். இப்போது நூறாம் படிக்கு 'சியென்' சொல்லும்வரை நிற்பதில்லை. உச்சியில் மூடியைத் திறந்தால் மேற்கே மகேந்திரகிரி. 'மொந்தாஞா' என்று மலையைக் கூப்பிட்டுப் பார்ப்பேன். அந்த 'ஞா' நம் ஞாயிற்றில் வரும் அதே ஞா. 'இதைப் படித்து என்ன செய்யப் போகிறாய்?' என்று வீட்டில் கேட்கிறார்கள். வேலை மாறும் எண்ணம் எனக்கு இல்லை. மனம் நிறைந்திருக்கிறது, அதற்காகத்தான் படிக்கிறேன்.

இப்போது இரண்டு இடத்தில் முட்டி நிற்கிறேன். 'செர்', 'எஸ்தார்' என்று இருத்தலுக்கு இரண்டு வினைகள். நிலையானதற்கு முதலாவது, தற்காலிகமானதற்கு இரண்டாவது என்று பாடத்தில் போட்டிருக்கிறது. வாக்கியம் எழுதப் போனால் பாதி தப்பாகிறது. இன்னொன்று, மேசைக்கும் புத்தகத்துக்கும் ஆண்பால் பெண்பால். இதை எப்படி மனத்தில் நிறுத்துவது? தேர்வு ஏதாவது எழுதலாமா?

பாளை டீச்சர் எழுதியது:

தம்பி, நான் முப்பது வருடம் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவள். ஸ்பானிஷ் தொடங்கியது 61 வயதில். உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: ஆங்கிலம் வழியாகப் படிக்காதீர்கள். தமிழிலிருந்து நேராகப் போங்கள்.

முதல் வருடம் நானும் ஆங்கிலப் புத்தகத்தை வைத்துக்கொண்டுதான் தவித்தேன். 'மெ குஸ்தா எல் கஃபே' என்ற ஒரு வாக்கியத்துக்கு அதில் அரைப் பக்கம் விளக்கம். 'நான் விரும்புகிறேன்' என்று வராதாம், காப்பிதான் எழுவாயாம், வாக்கியத்தைத் தலைகீழாக நினைக்க வேண்டுமாம். ஒரு நாள் மத்தியானம் திண்ணையில் உட்கார்ந்து அதன் பக்கத்தில் தமிழில் எழுதினேன்: 'எனக்குக் காப்பி பிடிக்கும்.' தலைகீழாக எதுவுமே இல்லை! 'மெ துவெலெ லா கபேசா', எனக்குத் தலை வலிக்கிறது. இதுவும் அப்படியே. அன்றைக்கு எனக்கு வந்த மகிழ்ச்சியை எப்படிச் சொல்வேன்! தெருக்கதவைத் திறந்துகொண்டு தூரத்துச் சொந்தம் ஒருவர் உள்ளே வந்ததுபோல் இருந்தது. அந்த மாதமே புது நோட்டு வாங்கினேன். அதில் ஆங்கிலம் ஒரு வரி கிடையாது.

பிறகு ஒவ்வொன்றாகத் திறந்தது. 'ஆப்லோ' என்றாலே பேசுகிறேன், 'ஆப்லாமோஸ்' என்றாலே பேசுகிறோம். நான், நாம் என்று முன்னால் சொல்ல வேண்டியதில்லை, விகுதியே சொல்லிவிடுகிறது. 'தூ' நீ, 'உஸ்தெத்' நீங்கள். 'பெரோ' என்றால் ஆனால், ரகரத்தை உருட்டி 'பெறோ' என்றால் நாய். இடையின ரகரம், வல்லின றகரம் என்று எத்தனை வகுப்புகளில் தொண்டை வறண்டிருப்பேன்! அந்த வேறுபாடு அங்கே தெருப் பேச்சில் உயிரோடு இருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். 'புத்தகம் வாங்கினேன்' என்று ஐ உருபு இல்லாமல் சொல்வோம். 'அம்மா பார்த்தேன்' என்று சொல்வோமா? அம்மாவை என்றுதான் வர வேண்டும். ஸ்பானிஷிலும் 'கொம்ப்ரே உன் லீப்ரோ', புத்தகம் வாங்கினேன். ஆனால் 'வி ஆ மி மாத்ரெ', அம்மாவைப் பார்த்தேன். மனிதர் செயப்படுபொருளாக வந்தால் முன்னால் ஓர் 'ஆ' சேர்கிறது. அந்த 'ஆ' நம் ஐயின் வேலையைச் செய்கிறது. எங்கோ அட்லாண்டிக் கரையில் இருப்பவர்களுக்கும் உயர்திணைக்கு ஓர் அடையாளம் வைக்கத் தோன்றியிருக்கிறதே!

இனி உங்கள் கேள்வி. நிலையானது, தற்காலிகமானது என்ற விதியை விட்டுவிடுங்கள். இறந்தவரைப் பற்றி 'எஸ்தா முவெர்தோ' என்று எஸ்தாரில்தான் சொல்கிறார்கள். மரணத்தைவிட நிலையானது எது? தமிழில் வினையே இல்லாமல் 'நான் ஆசிரியை' என்று முடிந்தால் செர்: 'சோய் மயெஸ்த்ரா'. ஓர் இடத்தில் அல்லது ஒரு நிலைமையில் இருப்பதைச் சொன்னால் எஸ்தார்: 'எஸ்தோய் கன்சாதா', களைப்பாக இருக்கிறேன். 'உயரமாக இருக்கிறாள்' என்பதில் மட்டும் தமிழ் காலை வாரும். அப்போது 'உயரமானவள்' என்று மாற்றிப் பாருங்கள். பொருள் மாறாமல் பொருந்தினால் செர். அழகானவள் என்றால் 'எஸ் குவாபா'. இன்றைக்கு இந்தப் புடவையில் அழகாக இருக்கிறாள் என்றால் 'எஸ்தா குவாபா'. இதுவும் எல்லா இடத்துக்கும் பொருந்தாது (இறந்தவரிடமே தோற்றுவிடும்), ஆனால் பத்தில் எட்டுக்குக் கைகொடுக்கும்.

பால் விஷயத்தில் நம் மொழியிலிருந்து உதவி கிடைக்காது. அஃறிணைக்கு நாம் பால் பிரித்ததே ஒன்றன், பலவின் என்றுதான். ஸ்பானிஷில் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் பெண்பாலானால் 'லா', ஆண்பாலானால் 'எல்' வரும். ஆகவே மேசா என்று தனியாக எழுதாதீர்கள், 'லாமேசா' என்று ஒரே சொல்லாக மனத்தில் ஏற்றுங்கள். ஆவில் முடிந்தால் பெண்பால், ஓவில் முடிந்தால் ஆண்பால் என்று நம்பிவிடவும் வேண்டாம்: எல் தியா (நாள்), எல் மாபா (வரைபடம்), லா மானோ (கை). நான் காலையில் வாசல் தெளிக்கும்போது வாய்பாடுபோல் சொல்லிக்கொள்வேன்.

நெல்லை ஜங்ஷன் மாணவி எழுதியது:

தேர்வு பற்றி மட்டும். 'தெலே' என்று ஒன்று உண்டு. ஏ1 முதல் சி2 வரை ஆறு நிலைகள். வாசித்தல், எழுதுதல், கேட்டல், பேசுதல் நான்கும் வரும். சான்றிதழுக்குக் காலாவதி இல்லை. ஸ்பெயின் அரசு 1991இல் தொடங்கிய செர்வாந்தேஸ் நிறுவனம் நடத்துகிறது. புது தில்லியில் அதன் மையம் இருக்கிறது. ஐந்து மாதம் படித்திருக்கிறீர்கள், ஏ1 பாடத்திட்டத்தை ஒருமுறை பாருங்கள்.

மணப்பாட்டுக் கப்பல்காரன் எழுதியது:

டீச்சர் சொன்னதைப் படித்து நெஞ்சு நிறைந்துவிட்டது. நான் சரக்குக் கப்பலில் பத்தொன்பது வருடம் வேலை பார்த்தவன். ஸ்பானிஷ் படித்தது துறைமுகங்களில், காது வழியாக.

எங்கள் ஊரில் பிரான்சிஸ் சவேரியார் தங்கிய குகை இருக்கிறது. 1542இல் இந்தக் கடற்கரைக்கு வந்தவர். அவர் பிறந்த நவார் இன்று ஸ்பெயினில் இருக்கிறது. ஆனால் மேசை, சாவி, சன்னல் எல்லாம் ஸ்பானிஷ் தந்தவை என்று நினைத்துவிடாதீர்கள். அவை போர்த்துக்கீசியர் விட்டுச் சென்றவை. மேசை மட்டும் இரண்டு மொழியிலும் மேசாதான். சாவி அங்கே 'யாவெ', சன்னல் 'வெந்தானா'.

நம்மிடமிருந்து போனதும் உண்டு. கொலம்பியாவில் கார்தஹேனா துறைமுகத்தில் ஒரு சுற்றுலாப் படகின் பலகையில் 'கதமரான்' என்று எழுதியிருந்தது. எழுத்துக் கூட்டி வாசித்தேன். கட்டுமரம்! என் தாத்தா கடலுக்குப் போனது அதில்தான். படகுக்காரரிடம் இது எங்கள் சொல் என்று எனக்குத் தெரிந்த ஸ்பானிஷில் சொன்னேன். அவர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

தம்பிக்கு ஒரு சொல் தருகிறேன். பெருவில் காயாவோ துறைமுகம், லிமாவுக்குப் பக்கம். நமக்கு ஆனி, ஆடியில் சாரல் விழும் அதே மாதங்களில் அங்கேயும் மழையென்றும் பனியென்றும் சொல்ல முடியாத ஒரு தூறல் விழும். அதற்குப் பெயர் 'கரூவா'. முதல்முறை அது முகத்தில் பட்டபோது குற்றாலத்தில் நிற்பதுபோல் இருந்தது. கப்பல் தளத்தைவிட்டு உள்ளே போக மனமே வரவில்லை.

பணகுடிக் காற்று எழுதியது:

டீச்சர், அண்ணாச்சி, தங்கச்சி, மூவருக்கும் நன்றி. டீச்சர் சொன்ன மாதிரியே புது நோட்டு போட்டேன். முதல் பக்கம் 'மெ குஸ்தா எல் வியெந்தோ', எனக்குக் காற்று பிடிக்கும்.

இன்று மதியம் ஒரு பழுதுக்காக மேலே ஏறினேன். மகேந்திரகிரியை மேகம் மூடியிருந்தது. வேலை முடிந்து மூடியைத் திறந்ததும் தலைக்கவசத்தில் பொடிப்பொடியாகத் தூறல். கீழே நின்ற சகாவிடம் வாக்கி டாக்கியில் 'கரூவா' என்றேன். 'என்ன பழுது அது?' என்று பதறினார். இறங்கிவந்து விளக்கிச் சொன்னேன். இப்போது அவரும் அந்தச் சொல்லைச் சொல்லிக்கொண்டு அலைகிறார். நோட்டில் எழுதிவிட்டேன், ஒரே சொல்லாக: லாகரூவா.