சுங்கை சிப்புட்டில் காற்று மெத்தை இரவல் கிடைக்குமா?

அனைவருக்கும் வணக்கம். வீட்டுப் பராமரிப்பு நிறுவனமொன்றில் மேலாளராக இருக்கிறேன். பேராக், சுங்கை சிப்புட் தோட்டப்புறத்தில் பக்கவாதத்தால் படுத்த படுக்கையாகிவிட்ட பாட்டி ஒருவர். அந்நாளில் பால்மரம் சீவியவர். வால் எலும்பருகே தோல் சிவந்திருக்கிறது, விரலால் அழுத்தினாலும் வெளுப்பதில்லை. படுக்கைப் புண்ணின் முதல் கட்டம் அது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். மகளோ இரவு வேலைக்குப் போகிறவர்.

உடலின் ஒரே இடத்தில் அழுத்தம் விழாமல் காக்கும், மோட்டாருடன் கூடிய காற்று மெத்தை யார் வீட்டிலாவது சும்மா கிடந்தால் இரவல் தாருங்கள், நானே வந்து எடுத்துக்கொள்கிறேன். (நடுவில் ஓட்டையுள்ள வளையத் தலையணை வேண்டாம், அது புண்ணை மோசமாக்கும்.)

படுத்த படுக்கையானவர்களைப் பராமரிப்போருக்குச் சமூகநல இலாகா தரும் மாத உதவித்தொகையை, வேலைக்குப் போகும் பிள்ளைகள் யாராவது விண்ணப்பித்து வாங்கியிருக்கிறீர்களா? மருத்துவர் ஒப்பமிட வேண்டிய பாரத்தைக் கிளினிக்கில் கொடுத்துவிட்டோம். பாட்டியின் படம் மட்டும் கேட்காதீர்கள்.