முதல் ட்றக்: 2019 கஸ்கேடியாவா, 1999 பீற்றர்பில்ட்டா?

மார்க்கம்_ரோட்:
வணக்கம். கொம்பனி ட்றக்கை விட்டிட்டு, சொந்தமா ஒண்டு எடுத்து ஒரு கொம்பனியோட லீஸ்ல சேர்ந்து (என்ர ட்றக்கில அவையின்ட லோட்) ஓடுற யோசனை. கையில 60,000 கனடியன் டொலர் இருக்கு. பாத்து வைச்சது ரெண்டு.

ஒண்டு 2019 கஸ்கேடியா: டிடி15 எஞ்சின், டிடி12 ஓட்டோ கியர், 11 லட்சம் கிலோமீற்றர். டீலர் 58,000 கேக்கிறார். மற்றது 1999 பீற்றர்பில்ட் 379: 12.7 லீற்றர் டெட்ரொயிட் சீரிஸ் 60, எஞ்சின் திரும்பச் செய்ததாம், 38,000. ஓட்டம் ஒன்ராறியோவில இருந்து ஒகையோ, ரெக்சஸ். மாதம் 16,000 கிலோமீற்றர் வரும். எது சரி?

கறுப்புப்புகை:
379ஐ எடுங்கோ. அதில டிபிஎஃப் (புகைக்கரியைப் பிடிக்கிற பில்டர்) இல்லை, டிஈஎஃப் (புகையைச் சுத்தமாக்கிற யூரியாத் திரவம்) தாங்கி இல்லை, ஈஜிஆர் (புகையில ஒரு பங்கைத் திருப்பி எஞ்சினுக்குள்ள விடுறது) கூலரும் இல்லை. கஸ்கேடியாவில ஒரு நொக்ஸ் சென்சர் (புகையில நைட்ரஜன் ஒக்சைட்டை அளக்கிறது) செத்தால் எஞ்சின் நல்லா இருக்கேக்கயே கொம்பியூட்டர் பவரைக் குறைச்சு, கவனிக்காமல் விட்டால் கடைசியில மணிக்கு 5 மைலுக்குக் கொண்டுவந்து விட்டிடும். டென்னசியில றோட்டோரம் நிண்டு டீலருக்குக் காவல் இருக்க வேணும். 12.7ஐ எந்தக் கராஜிலயும் திறப்பாங்கள், பாட்ஸ் எங்கயும் கிடைக்கும். 2000க்கு முந்தினது எண்டபடியால் ரெண்டு நாட்டிலயும் இஎல்டி (ஓடின நேரத்தைப் பதியிற கருவி) கட்டாயமில்லை. 22,000 கையில மிஞ்சுது. முதல் வருஷம் புது ஓனரைக் காப்பாத்துறது அந்தக் காசுதான்.

மைல்கணக்கு:
அந்த 22,000 எங்க போகும்னு பார்ப்போம். 379 மாதிரி நீள மூக்கு வண்டி 100 கிலோமீட்டருக்கு 39 லிட்டர் குடிக்கும். கஸ்கேடியாவை ஒழுங்கா ஓட்டினா 31. மாசம் 16,000 கிலோமீட்டருக்கு 6,240 லிட்டரும் 4,960 லிட்டரும். வித்தியாசம் 1,280 லிட்டர். லிட்டர் 1.60னு வச்சா மாசம் 2,048 டாலர். ரெண்டு வண்டிக்கும் உள்ள 20,000 விலை வித்தியாசத்தைப் பத்தே மாசத்துல டீசலாவே கட்டிடுவீங்க.

இன்னொண்ணு, வண்டியைப் பார்க்கப் போறதுக்கு முன்னாடி நீங்க சேரப்போற கம்பெனிக்குப் போன் பண்ணுங்க. பத்து வருஷத்துக்கு மேல போன வண்டியை லீஸ்ல எடுக்காத கம்பெனிகள் நிறைய. இஎல்டி விலக்கு சட்டத்துல இருக்கலாம். கம்பெனி "எங்க வண்டி எல்லாத்துலயும் இருக்கணும்"னு சொன்னா மாட்டித்தான் ஆகணும். நாளைக்கு கலிபோர்னியா லோடு வந்தாலும் கதை முடிஞ்சுது. 2023 ஜனவரியிலிருந்து அங்க 2010 அல்லது அதுக்குப் பிந்தின இன்ஜின் வேணும்.

கறுப்புப்புகை:
39 எண்டது மணிக்கு 110ல மிதிக்கிறவன்ட கணக்கு. 95ல ஓடினால் அந்த இடைவெளி பாதியாகும். அதோட உங்கட கணக்கில கஸ்கேடியாவுக்குத் திருத்தச் செலவு பூச்சியமா? ஒரு ஒன்-பொக்ஸ் (டிபிஎஃப் எல்லாம் சேர்ந்த புகை சுத்திகரிப்புப் பெட்டி) போனால் மாதக்கணக்கில சேமிச்ச டீசல் காசு ஒரே பில்லில போகும்.

மைல்கணக்கு:
95ல ஓட்டினா கஸ்கேடியாவும்தான் கம்மியா குடிக்கும், ப்ரோ. அதை மட்டும் விட்டுட்டீங்களே. 110ங்கிற பேச்சுக்கே இடமில்ல. ஒன்டாரியோவுல 1995லேருந்து வந்த எலக்ட்ரானிக் இன்ஜின் ட்ரக்குக்கு மணிக்கு 105 வேக லிமிட்டர் கட்டாயம், 379க்கும் சேர்த்துத்தான். ஆஃப்டர்ட்ரீட்மென்ட் (புகை சுத்திகரிப்பு) செலவு உண்டு, மறுக்கல. ஆனா அது நாள் சொல்லிட்டு வர்ற செலவு. டிபிஎஃப்ல சேர்ற சூட் (புகைக்கரி) ரீஜென்ல, அதாவது பில்டரைச் சூடாக்குறப்ப, எரிஞ்சுடும். ஆயிலிலிருந்து வர்ற சாம்பல் எரியாது, சேர்ந்துகிட்டே போகும். பில்டரைக் கழட்டிச் சூளையில வச்சுச் சுத்தம் பண்ணணும். கடைசியா எந்தக் கிலோமீட்டர்ல பண்ணாங்கன்னு ரசீது கேளுங்க. இல்லைன்னா அந்தச் செலவை விலையில கழிங்க.

பதினெட்டு_கியர்:
வருஷத்தை விட்டிட்டு, நிக்கிற ட்றக்கைப் பாருங்கோ. நல்ல 99உம் இருக்கு, உள்ளுக்குச் செத்த 2019உம் இருக்கு.

தம்பி, காலமை போங்கோ. ஸ்ராட் பண்ண முதல் எஞ்சின் புளொக்கில கையை வையுங்கோ. சூடா இருந்தால் ஆரோ முன்னமே ஓடவிட்டு வைச்சிருக்கினம். குளிரில எடுக்கிற சத்தத்தையும் புகையையும் உங்களுக்குக் காட்ட விருப்பமில்லை. அண்டைக்குத் திரும்பி வாங்கோ, இன்னொரு நாள் போங்கோ.

கஸ்கேடியாவுக்கு முதல் வேலை: புகைக்குழாயின்ட நுனிக்குள்ள விரலால துடைக்கிறது. டிபிஎஃப் சரியெண்டால் 11 லட்சம் ஓடினாலும் விரல் கிட்டத்தட்டச் சுத்தமா வரும். கரி அப்பினால் உள்ளே பில்டர் வெடிச்சிருக்கு, இல்லாட்டி வெட்டி எடுத்திருக்கிறாங்கள். வெட்டினதெண்டால் எவ்வளவு மலிவா வந்தாலும் விட்டிட்டு வாங்கோ. ரெண்டு நாட்டுச் சட்டமும் விடாது, டீலரும் கை வைக்கமாட்டான், திரும்பப் பூட்டுற செலவு உங்கட தலையில.

ரெண்டாவது, ஈசிஎம் (எஞ்சின் கொம்பியூட்டர்) ரிப்போட். மொத்த மணித்தியாலத்தால கிலோமீற்றரைப் பிரிச்சுப் பாருங்கோ. 15,000 மணியெண்டால் சராசரி 73; ஹைவேயில ஓடின ட்றக். 22,000 மணியெண்டால் 50தான். நிண்டு நிண்டு ஓடினது, டிபிஎஃப்பும் ஈஜிஆரும் அடைபடுற ஓட்டம். நிறுத்தி வைச்சுச் செய்த ரீஜென் எத்தனை எண்டதையும் எண்ணுங்கோ. கிட்டக்கிட்ட இருந்தால் டோசர் (ரீஜெனுக்கு டீசல் தெளிக்கிறது) அடைச்சிருக்கலாம், இன்ஜெக்டர் ஒழுகலாம், ஒயில் எரியலாம். கோளாறுக் கோட் ஒண்டும் இல்லையெண்டால் சந்தோசப்படாதேங்கோ, முதல் நாள் அழிச்சிருப்பினம். ட்ரெய்லர் கொழுவி லோடோட 100 கிலோமீற்றர் ஓடிப்போட்டுத் திரும்ப வாசியுங்கோ.

மூண்டாவது ஒயில் சாம்பிள், ரெண்டு ட்றக்குக்கும். சோடியம், பொட்டாசியம் ஏறியிருந்தால் கூலன்ட் உள்ளே போகுது. ஈயமும் செம்பும் எண்டால் பேரிங். சிலிக்கன் எண்டால் காத்தோட தூசி போகுது. டீசல் கலந்திருந்தால் இன்ஜெக்டர். வித்தவர் நேற்றுத்தான் ஒயில் மாத்தினவர் எண்டால் அந்தச் சாம்பிளால பிரயோசனம் இல்லை. கிராங்கேஸ் (எஞ்சின்ட அடிப்பகுதி) பிறஷரை மனோமீற்றர் (அமுக்கமானி) வைச்சு அளக்கச் சொல்லுங்கோ.

379க்கு எஞ்சினை விடச் சேஸிச் சட்டம்தான் பயம், முழு ட்றக்கையும் தாங்கிற இரும்புச் சட்டம். ஒன்ராறியோ உப்பில 25 வருஷத்துக்கு மேல. உள்ளுக்கு ரெண்டாவது றெயில் வைச்ச சட்டமெண்டால், இடையில துரு ஊதி ரெண்டையும் தள்ளும். கபினுக்குப் பின்னாலயும் பின் சஸ்பென்சனுக்கு மேலயும் ஒரு நேர்த்தகட்டைப் பிடிச்சுப் பாருங்கோ. வளைஞ்சிருந்தால், போல்ட் தலை தெறிச்சிருந்தால் பேரம் பேசவே வேண்டாம். புதுக் கறுப்புப் பெயின்ற் அடிச்ச சட்டமெண்டால் இன்னும் கவனம். முன் சில்லைத் தூக்கி மேலயும் கீழயும் ஆட்டி கிங்பின் (முன் சில்லு திரும்பிற முளை) பாருங்கோ. பிரேக்குக்கான காத்தை நிரப்பி, எஞ்சினை நிறுத்தி, பார்க்கிங் பிரேக்கை விடுவிச்சு ஒரு நிமிசம் பாருங்கோ. ட்றக் தனிய 2 பிஎஸ்ஐக்கு மேல இறங்கக்கூடாது, பெடலை மிதிச்சால் 3.

"சேஃப்டி இருக்கு" எண்டு காட்டுவினம். அது பிரேக், ஸ்ரியறிங், ரயருக்கான பேப்பர். எஞ்சினுக்கு எவ்வளவு உயிர் இருக்கெண்டு அதில ஒண்டும் இல்லை.

மைல்கணக்கு:
"எஞ்சின் திரும்பச் செய்ததாம்" - இந்த "ஆம்"தான் 38,000ல பாதி விலை. பில் கேளுங்க: இன்ஜின் சீரியல் நம்பர், கிலோமீட்டர், பார்ட் நம்பர் மூணும் இருக்கணும். பிஸ்டன், லைனர், ரிங், மெயின் பேரிங், ராட் பேரிங் மட்டுமா, ஹெட்டும் இன்ஜெக்டரும் கேம்ஷாஃப்டும் சேர்த்தா? சேஸிச் சட்டத்துக்குள்ளயே வச்சுச் செஞ்ச இன்ஃபிரேம்ல கிராங்க் ஷாஃப்டை வெளியே எடுக்கமாட்டாங்க. 12.7ல முன்பக்க புல் கியர் (ஒரு டைமிங் பல்சக்கரம்) பேரிங் போற பழக்கம் உண்டு; அதைத் தொட்டாங்களான்னு பில்லுல தேடுங்க.

கறுப்புப்புகை:
பில் இல்லாட்டி வாங்காதேங்கோ, அதில எனக்கும் சம்மதம். ஆனால் ஒரு விசயத்தை ஆரும் கதைக்கேல்லை. கஸ்கேடியாவுக்கு 58,000ஓட 13 வீதம் எச்எஸ்டி வரி சேர்த்தால் 65,540. கையில இருக்கிறது 60,000. எச்எஸ்டி பதிவிருந்தால் வரி திரும்ப வரும், ஆனால் பிறகு. அதுவரைக்கும் கடன். கடனோட, கையில சல்லிக்காசு இல்லாமல், 11 லட்சம் ஓடின டிடி15. இதுக்குப் பேர் பாதுகாப்பான தெரிவா?

மைல்கணக்கு:
முழுக் காசும் கொட்டச் சொல்லலையே. 20,000 முன்பணம், மிச்சம் கடன், 20,000 தனிக் கணக்குல தொடாம. கம்பெனி தர்ற முதல் செட்டில்மென்ட் காசுலேருந்தே மைலுக்கு 15 சென்ட் அதே கணக்குக்குப் போகணும். டீலர் வாரண்டி விற்க வந்தா ஒரே கேள்வி: டிபிஎஃப், டோசர், நொக்ஸ் சென்சர், ஈஜிஆர் கூலர் உள்ளே வருதா? பல ஒப்பந்தத்துல வராது. வரலைன்னா அந்தக் காசையும் அதே கணக்குல போடுங்க.

கறுப்புப்புகை:
புது ஓனருக்கு பாங்க் என்ன வட்டி கேக்கும் எண்டதையும் அந்த மாதக் கணக்கில போட்டுக் காட்டுங்கோ, பிறகு 2,048ஐப் பற்றிக் கதைப்பம். ரெண்டு மாதம் லோடு குறைஞ்சால் 379 முற்றத்தில சும்மா நிக்கும். கஸ்கேடியாவுக்குக் கட்டுக்காசு கட்டவேணும்.

மார்க்கம்_ரோட்:
கொம்பனியோட கதைச்சன். 2012க்கு முந்தினது எடுக்கமாட்டினமாம். அப்ப 379 கதை முடிஞ்சுது. கஸ்கேடியாக்காரர் 1,000 டொலர் டெப்பொசிற் கேக்கிறார்.

பதினெட்டு_கியர்:
"ஒயில் சாம்பிளும் ஈசிஎம் ரிப்போட்டும் திருப்தியில்லாட்டி முழுதா திருப்பித் தரப்படும்" எண்டு ரசீதில எழுதிக் கையெழுத்து வைச்சால் குடுங்கோ. எழுதமாட்டன் எண்டால் குடுக்காதேங்கோ. அதுக்கிடையில விஐஎன்னிலயும் (ட்றக்கின்ட அடையாள நம்பர்) வித்தவர்ட பேரிலயும் பிபிஎஸ்ஏ (அடமானக் கடன் பதிவேடு) தேடிப் பாருங்கோ. பழைய ஓனர்ட கடன் அந்த ட்றக்கில ஒட்டிக்கொண்டிருந்தால் பாங்க்காரன் வந்து உங்கட முற்றத்தில இருந்துதான் இழுத்துக்கொண்டு போவான்.

கறுப்புப்புகை:
அப்பிடியெண்டால் கொம்பனியை மாத்துங்கோ, ட்றக்கை இல்லை. 99ஐ எடுக்கிற கொம்பனிகளும் இருக்கு.