புதுப்பிப்பு: கிதாரில் எஃப் கார்டு வந்துவிட்டது

எஃப் கார்டு (chord, பல சுரங்களைச் சேர்த்து ஒலிக்கும் பிடி) வரவே மாட்டேன் என்கிறது, கிதாரை விற்றுவிடலாமா என்று மூன்று மாதம் முன்பு கேட்டிருந்தேனே, விற்கவில்லை. முதல் ஃப்ரெட்டில் (கிதார் கழுத்தில் உலோகப் பட்டைகள் பிரிக்கும் கட்டம்) ஆறு கம்பியையும் ஒரே விரலால் அழுத்தப் போராடாமல், நீங்கள் சொன்னபடி அதே பிடியை ஐந்தாம் ஃப்ரெட்டில் பழகினேன். அங்கே கம்பி அவ்வளவு முரண்டு பிடிப்பதில்லை, ஆள்காட்டி விரலைக் கொஞ்சம் பக்கவாட்டில் சாய்த்ததும் ஒலி தெளிந்தது, அப்புறம் ஒவ்வொரு ஃப்ரெட்டாக முதலாவதை நோக்கி நகர்ந்தேன். தினமும் 15 நிமிடம், முத்தியால்பேட்டை மொட்டைமாடியில். கடல் காற்றுக்குக் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கிறது, வாசித்ததும் துடைத்துவிடுங்கள். நேற்று சி கார்டிலிருந்து எஃப்-க்கு நிறுத்தாமல் மாறினேன், கண் கலங்கிவிட்டது. இரண்டாவது கம்பி மட்டும் இன்னும் மந்தமாகத்தான் கேட்கிறது.