புதுப்பிப்பு: அடைமழையில் வீட்டுக்குள் துணி காயவைத்தல்

ஐப்பசி, கார்த்திகை மழைக்கு வீட்டுக்குள் கொடி கட்டி, ஜன்னலைத் திறந்துவைத்து, ஃபேன் போடச் சொல்லியிருந்தேன். அதில் ஒரு திருத்தம்.

முதலில் ஸ்பின், அதாவது வாஷிங் மெஷின் துணியைச் சுழற்றிப் பிழிவது. துவைத்து முடிந்ததும் தனியாக இன்னொரு முறை ஸ்பின் மட்டும் ஓட்டுங்கள். 5 கிலோ பருத்தித் துணி நிமிடத்துக்கு 1000 சுற்று வேகத்தில் பிழிந்த பிறகும் ஏறக்குறைய 3 லிட்டர் தண்ணீரைப் பிடித்துவைத்திருக்கும். அத்தனையும் அறைக் காற்றில்தான் கலக்க வேண்டும்.

வெளியே மழை கொட்டும்போது காற்றில் ஈரப்பதம் 90 சதவீதத்தைத் தொடும். ஜன்னல் திறந்தாலும் பலன் குறைவு. ஏசி இருந்தால் கதவு, ஜன்னலைச் சாத்தி 'டிரை' மோடில் ஓட விடுங்கள். ஈரம் வடிகுழாய் வழியே வெளியேறும். ஏசி இல்லையென்றால் எக்ஸாஸ்ட் ஃபேனும் திறந்த ஜன்னலும்தான். மழை விடும் நேரத்தில் ஜன்னலை முழுதாகத் திறந்துவையுங்கள்.

சீலிங் ஃபேனைவிட டேபிள் ஃபேன் மேல். துணிகளுக்கு நடுவே காற்று புகும்படி பக்கவாட்டில் வையுங்கள். துணிக்குத் துணி இரண்டு விரல் இடைவெளி. ஜீன்ஸை உள்பக்கம் வெளியே திருப்பி, இடுப்புப் பட்டியை விரித்துத் தொங்கவிடுங்கள். பாக்கெட் துணிதான் கடைசிவரை ஈரமாக இருக்கும்.

துணியில் ஈர வாடை வந்துவிட்டால் சென்ட் தெளிப்பது வீண், அது பாக்டீரியா வேலை. சாயம் போகாத பருத்தி என்றால் 60 டிகிரி வெந்நீரில் மறுபடி துவையுங்கள்.