ஒரே நிரல், இரண்டு பிபிசி மைக்ரோ: பதிப்பு வேறுபாட்டால் வந்த பிழைகள்

குன்னூரிலிருந்து ஓர் உறுப்பினர்:

1984-இல் மத்திய அரசு தொடங்கிய கிளாஸ் என்ற பள்ளிக் கணினிக் கல்வித் திட்டத்தின் வழியாகத்தான் என் தலைமுறை ஆசிரியர்கள் பலருக்கு, ஏக்கார்ன் நிறுவனம் தயாரித்த பிபிசி மைக்ரோ கணினி அறிமுகமாயிற்று. நான் பணியாற்றிய பள்ளியில் இரண்டு இருந்தன. ஒன்று திட்டத்தில் வந்தது; மற்றொன்று, இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்து சில காலம் பயன்படுத்திய ஒரு தேயிலைத் தோட்டக் குடும்பம் நன்கொடையாக அளித்த, சற்றே பழைய கணினி.

மாணவர்களின் மதிப்பெண்களைக் கோப்பில் திருத்தி எழுதும் நிரல் ஒன்று பழைய கணினியில் ஆண்டு முழுவதும் பிசகாமல் ஓடியது. அதன் வரிகளை அச்செடுத்து, புதிய கணினியில் எழுத்துப் பிசகாமல் தட்டெழுதி ஓட்டியபோது, கோப்பைப் படித்த நிரல் அதில் எழுத மறுத்துவிட்டது. ஐப்பசி அடைமழைக் காலம் என்பதால் எல்லோரும் முதலில் ஃபிளாப்பியைத்தான் சந்தேகித்தார்கள். குன்னூரில் அது நியாயமான சந்தேகமே. உறையின் நீள்துளை வழியே வட்டைச் சாய்த்துப் பார்த்தால், பழுப்பு நிறப் பரப்பில் பூஞ்சையின் வெண்புள்ளிகள் தெரிவது எங்களுக்கு வாடிக்கை. ஆனால் புதிய வட்டை மாற்றியும், டிரைவையே மாற்றியும் அதே பிழைதான் வந்தது.

நட்சத்திரக் குறியிட்டு எஃப்எக்ஸ் 0 என்று கொடுத்தால் இயங்குதளத்தின் பதிப்பு எண் திரையில் வரும். இரண்டு கணினிகளும் ஓஎஸ் 1.20 என்றே காட்டியதால், பதிப்பு ஒன்றுதான் என்று எல்லோரும் முடிவு கட்டினார்கள். உண்மையில் இயங்குதளம் ஒரு ரோமிலும் (அழியாத நினைவகச் சில்லு) பேசிக் மொழி இன்னொரு ரோமிலும் இருப்பவை. ஒன்றை மாற்றினால் மற்றது மாறாது. கணினியை இயக்கியவுடன் ரிப்போர்ட் என்று தட்டியபோது பழையதில் 1981 என்றும் புதியதில் 1982 என்றும் ஏக்கார்ன் நிறுவனத்தின் காப்புரிமை ஆண்டு வந்தது. முன்னது பேசிக் 1, பின்னது பேசிக் 2.

பேசிக் 1-இல் ஓப்பன்இன் என்ற கட்டளை, கோப்பைப் படிக்கவும் எழுதவும் சேர்த்தே திறக்கும். பேசிக் 2-இல் அதே சொல் படிப்பதற்கு மட்டும் திறக்கும். திருத்தி எழுத வேண்டுமானால் ஓப்பன்அப் என்ற புதிய கட்டளை வேண்டும். இதில் நான் இன்றும் வியக்கும் நுட்பம் ஒன்று உண்டு. கட்டளைச் சொற்கள் நினைவகத்தில் ஒரு பைட் குறியீடாகவே சேமிக்கப்படுகின்றன. பழைய ஓப்பன்இன்னுக்கு இருந்த குறியீட்டைப் பேசிக் 2-இல் ஓப்பன்அப்புக்குக் கொடுத்துவிட்டு, புதிய ஓப்பன்இன்னுக்கு வேறு குறியீடு வைத்தார்கள். ஆகவே பழைய கணினியில் சேமித்த நிரலை வட்டிலிருந்தே புதியதில் ஏற்றி, வரிகளைத் திரையில் காட்டும் லிஸ்ட் கட்டளையைக் கொடுத்தால், யாரும் தொடாமலேயே அந்த வரியில் ஓப்பன்அப் என்று தெரியும், நிரலும் சரியாக ஓடும். காகிதத்தைப் பார்த்துத் தட்டெழுதினால்தான் பிழை வரும். அந்த ஒரு சொல்லை மாற்றியதும் மதிப்பெண்கள் கோப்பில் ஏறின.

கொடைக்கானலிலிருந்து ஓர் உறுப்பினர்:

குன்னூர் ஐயா எழுதியதற்கு நெருங்கிய அனுபவம் எனக்கும் உண்டு. மாத மழையளவை வண்ணப் பட்டைகளாக வரையும், ஏறத்தாழ ஏழு கிலோபைட் நீளமுள்ள ஒரு நிரல், கேசட்டிலிருந்து ஏற்றினால் ஓடும். வட்டு இணைத்த கணினியிலோ மோட் 2 என்ற வண்ணத் திரைமுறைக்கு மாறும் வரியிலேயே ‘பேட் மோட்’ என்று நின்றுவிடும். நிரலில் எந்தக் குற்றமும் இல்லை. கேசட் மட்டும் உள்ள கணினியில் பேசிக் நிரல் நினைவகத்தின் 3584-ஆம் முகவரியில் தொடங்குகிறது. வட்டுக் கோப்புகளைக் கையாளும் டிஎஃப்எஸ் ரோம் நினைவகத்தில் தன் பணியிடத்தை எடுத்துக்கொள்வதால் அது 6400-க்குத் தள்ளப்படுகிறது. மோட் 2 திரை மொத்தமுள்ள 32 கிலோபைட்டில் இருபதை விழுங்கி, 12288-லிருந்து மேலே உட்கார்ந்துகொள்கிறது. நிரலுக்கு எஞ்சுவது 5888 பைட். வட்டிலிருந்து ஏற்றியபின் கேசட் முறைக்கு மாறி, நிரலை 3584-க்கு இறக்கி ஓட்டியதும் படம் முழுமையாக வந்தது. ஆனால் அதன்பிறகு அந்த நிரலுக்குள்ளிருந்து வட்டைத் தொடக்கூடாது; தொட்டால் டிஎஃப்எஸ் தன் பணியிடத்தில் எழுதும்போது நிரலின் தலைப்பகுதி அழிந்துவிடும்.

கோத்தகிரியிலிருந்து ஓர் உறுப்பினர்:

பிபிசி மைக்ரோவுக்கு அடுத்து 1986-இல் வந்த மாஸ்டர் 128 கணினியில் கொடைக்கானல் நண்பர் சொன்ன சிக்கல் வராது. வட்டின் பணியிடம் தனி ரேமுக்குப் போய்விட்டதால் நிரல் மீண்டும் 3584-இலேயே தொடங்கும். அங்கே வரும் தொல்லை வேறு. ஓஎஸ் 1.20 ரோமுக்குள் இருக்கும் ஒரு துணைநிரலை அதன் முகவரியைக் கொடுத்து நேரடியாக அழைத்த பழைய நிரல்கள், மாஸ்டரின் இயங்குதளமான எம்ஓஎஸ் 3.20-இல் அந்த இடத்தில் வேறு ஏதோ இருப்பதால் உறைந்துபோகும். ஏக்கார்ன் அறிவித்த பொது அழைப்புகளின் வழியே எழுதியவை பெரும்பாலும் தப்பித்தன. இவ்வாறு உறையும் நிரலைக் கண்டால், ரேம் சில்லுகளைக் கழற்றுவதற்கு முன்பு அதன் அழைப்பு முகவரிகளைப் பாருங்கள் என்பேன். என்னிடமுள்ள ஒவ்வொரு வட்டின் மேலட்டையிலும் நிரலின் பெயருக்குக் கீழே ஓஎஸ் பதிப்பு, பேசிக் பதிப்பு, நிரல் தொடங்கும் முகவரி ஆகிய மூன்றையும் பென்சிலால் குறித்து வைத்திருக்கிறேன். பேனா மை எங்கள் ஊர் ஈரத்தில் பரவிவிடும்.