அப்பாவை நல்லபடியாக வழியனுப்ப உதவி வேண்டும்

வணக்கம். அப்பாவுக்கு 81 வயது. இன்னும் சில நாட்கள்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டில்தான் வைத்திருக்கிறோம். "எரிவாயு மயானம் போதும், கொள்ளி நீதான் வைக்கணும், அஸ்தியைப் பவானி கூடுதுறையில் கரைச்சிடு" என்று என் கையைப் பிடித்துச் சொன்னார். நான் ஒரே மகள்.

அவர் நெஞ்சில் பேஸ்மேக்கர் இருக்கிறது. சூட்டில் பேட்டரி வெடிக்கும் என்பதால் முன்பே எடுத்துவிட வேண்டும். வீட்டிலேயே உயிர் பிரிந்தால் யார் வந்து எடுப்பார்கள்? இறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும், சரி; மயானத்தில் டாக்டர் சான்றிதழ் தவிர வேறென்ன கேட்பார்கள்?

அப்புறம், 40 வருஷம் தறியில் உட்கார்ந்தவர். கடைசியாக நெய்த ஜமக்காளம், சிவப்புக் கரையில் நூல் பிரிந்து, கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. அதைப் போர்த்தியே உள்ளே அனுப்ப விடுவார்களா? ஈரோடு, பவானி பக்கம் கொள்ளி வைத்த மகள்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.