மறு: சிறுநீரக மாற்று – ‘சீரோ பாசிட்டிவ் / சீரோ நெகட்டிவ்’ இணைக்குத் தமிழ்ச் சொல்

குழும நண்பர்களுக்கு வணக்கம். சிறுநீரக மாற்று நோயாளிகளுக்கான கையேட்டை மொழிபெயர்க்கிறேன். ரத்தத்தில் ஒரு வைரசுக்கான எதிர்ப்பொருள் (தொற்றை எதிர்க்க உடல் உண்டாக்கும் பொருள், ஆன்டிபாடி) இருந்தால் ‘சீரோ பாசிட்டிவ்’, இல்லையென்றால் ‘சீரோ நெகட்டிவ்’. இவற்றுக்குத் தமிழ்ச் சொல் கேட்டிருந்தேன். வந்த மறுமொழிகளுக்கு என் பதில் இது.

> நேர்மறை, எதிர்மறை என்றே வைத்துக்கொள்ளலாமே. புழக்கத்தில் இருக்கும்போது புதுச்சொல் எதற்கு?

ஐயா, புழக்கத்தில் இருப்பது உண்மைதான். ஆனால் இந்த இடத்தில் அந்தச் சொற்கள் நோயாளியைக் குழப்பிவிடும். கொரோனாவுக்குப் பிறகு ‘நெகட்டிவ்’ என்றாலே நல்ல சேதி என்று மக்கள் மனத்தில் பதிந்துவிட்டது. சிறுநீரக மாற்றுக்கு முன் சைட்டோமெகலோ வைரசுக்காகப் பார்க்கும் ரத்தப் பரிசோதனையில் கணக்கே வேறு. கொடையாளர் பாசிட்டிவ், பெறுநர் நெகட்டிவ் என்று வந்தால் அதுதான் இடர் மிகுந்த இணை.

காரணம் இதுதான். இந்த வைரஸ் ஒருமுறை உடலுக்குள் புகுந்தால் வெளியேறுவதில்லை. ஆயுள் முழுக்க உறங்கிக் கிடக்கும். கொடையாளரின் சிறுநீரகத்தோடு சேர்ந்து அதுவும் வரும். பெறுநரின் உடல் அதை முன்பின் பார்த்ததில்லை. போதாததற்கு, புதிய சிறுநீரகத்தை உடல் ஒதுக்கிவிடாமல் இருக்க நோயெதிர்ப்பை ஒடுக்கும் மருந்துகளும் கொடுக்கிறோம். இப்படிப்பட்டவருக்கு வால்கான்சிக்ளோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மாத்திரையை வழக்கமாக 6 மாதம் தருகிறார்கள். பெறுநர் பாசிட்டிவாக இருந்தால் 3 மாதம் போதும் என்பது பொது வழக்கம். இருவரும் நெகட்டிவ் என்றால் இடர் மிகக் குறைவு. ஆக, பெறுநரின் ஒரே ‘நெகட்டிவ்’ கொடையாளரைப் பொறுத்து நல்லதாகவும் கெட்டதாகவும் மாறுகிறது.

என் பரிந்துரை: தொற்று கண்டவர், தொற்று காணாதவர். ‘இவனுக்குச் சின்ன வயசுலயே அம்மை கண்டுடுச்சு’ என்று வீட்டில் பேசுகிறோமே, அந்தக் ‘கண்ட’தான். ‘கொடுத்தவர் கண்டவர், பெற்றவர் காணாதவர்’ என்றால் இடர் எங்கே இருக்கிறது என்பது பாட்டிக்கும் விளங்கும்.

> அம்மை கண்டால் உடம்பில் தெரியும். இந்தத் தொற்று பெரும்பாலோருக்கு அறிகுறியே இல்லாமல் கடந்துபோகும். ‘எதிர்ப்பொருள் உள்ளவர்’ என்பதுதான் துல்லியம்.

மருத்துவர் அம்மா சொன்ன முதல் பகுதி சரி. அதனால்தான் ‘நோய் கண்டவர்’ என்று சொல்லாமல் ‘தொற்று கண்டவர்’ என்கிறேன். இரண்டாவது பகுதியை மட்டும் ஏற்கத் தயங்குகிறேன். அண்மையில் ரத்தம் ஏற்றிக்கொண்டவரிடம், ரத்தம் கொடுத்தவரின் எதிர்ப்பொருள் தென்படலாம். கைக்குழந்தையிடம் தாயினுடையது இருக்கும். இவர்கள் எதிர்ப்பொருள் உள்ளவர்கள். ஆனால் தொற்று கண்டவர்களாக இருக்கவேண்டியதில்லை. எனவே இரண்டு சொல்லும் வேண்டும். ஆய்வக அறிக்கையில் ‘எதிர்ப்பொருள் உண்டு / இல்லை’. அதை வைத்து மருத்துவர் எடுக்கும் முடிவுக்குத் ‘தொற்று கண்டவர் / காணாதவர்’. தவிர, ‘எதிர்ப்பொருள் உள்ளவர்’ என்று கேட்பவர் தனக்கு முழுப் பாதுகாப்பு இருப்பதாக நினைத்துவிடுவார். கண்டவருக்கும் உறங்கும் வைரஸ் விழித்தெழலாம்.

எப்ஸ்டைன்-பார் வைரசுக்கும் இதே சொல் பொருந்துகிறது. அங்கே காணாத பெறுநருக்கு, குறிப்பாகக் குழந்தைகளுக்கு, மாற்றுக்குப் பிந்தைய நிணநீர்ப் பெருக்க நோயின் (நிணநீர் அணுக்கள் கட்டுப்பாடின்றிப் பெருகுவது) இடர் கூடுகிறது. நோயெதிர்ப்பை ஒடுக்கும் பெலாட்டசெப்ட் என்ற மருந்தை இவ்வைரஸ் காணாதவருக்குத் தரக்கூடாது என்பது கண்டிப்பான விதி. இந்தியாவில் பெரியவர்களில் மிகப் பெரும்பாலோர் சைட்டோமெகலோ கண்டவர்கள். அதனால் சிறுவர் பிரிவில்தான் இந்தச் சொல் அதிகம் உதவும்.

மாற்றுச் சிறுநீரகத்தைத் தாக்கக்கூடிய பிகே வைரசுக்கு இது அவ்வளவாகப் பயன்படாது. 1971 இல் சிறுநீரகம் மாற்றப்பட்ட ஒருவரின் சிறுநீரில் கண்டறிந்து, அவர் பெயரின் முதலெழுத்துகளையே அதற்கு வைத்தார்கள். இதைக் குறிவைத்து அழிக்கும் நம்பகமான மருந்து கைவசம் இல்லை. மாற்றுக்குப் பிறகு ரத்தத்தில் வைரஸ் அளவைப் பார்த்துக்கொண்டே இருந்து, ஏறினால் ஒடுக்க மருந்தைக் குறைப்பதுதான் வழி. 2024 இன் பன்னாட்டு வழிகாட்டுதல் 9 மாதம் வரை மாதந்தோறும், பிறகு 2 ஆண்டு வரை மூன்று மாதத்துக்கொரு முறை பார்க்கச் சொல்கிறது. இந்தத் தொடர் பார்வைக்கு ஒரு சொல் தேவை. அதைத் தனி இழையில் பேசுவோம்.

இலங்கை நண்பர்களிடம் ஒரு கேள்வி. உங்கள் பாடநூல்களில் ‘பிறபொருளெதிரி’ என்பதையே எதிர்ப்பொருளுக்குப் பயன்படுத்துகிறீர்கள். கையேட்டில் இரண்டையும் சேர்த்துக் கொடுக்கலாமா? ‘அம்மை கண்டது’ என்ற வழக்கு யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் உண்டா? இல்லையென்றால் ‘காணாதவர்’ அங்கே வேறு பொருளில் ஒலிக்குமோ என்று கவலையாக இருக்கிறது.

அன்புடன்,
கையேட்டு மொழிபெயர்ப்பாளர்